மாவு புளிச்சதுக்கு யார் காரணம்?

கூடுவாஞ்சேரி வீட்டுல நானும் ரூம்மேட்டும் ரெண்டு நாள் பேசிக்கலை. காரணம், இட்லி மாவு. ஞாயித்துக்கிழமை அரைச்சது செவ்வாய்க்கிழமையே புளிச்சுப்போச்சு. அவன்தான் வெளியில வச்சுட்டான்னு சத்தம் போட்டேன்.

அப்புறம்தான் உறைச்சது. மாவு டப்பாவைக் கதவுத் தட்டுல வச்சது நான். ஃபிரிட்ஜ்லயே குளிர் குறைவான இடம் அது. திறக்கும்போதெல்லாம் வெளிக்காத்து அங்கதான் படும். மாவைப் புளிக்க வைக்கிற பாக்டீரியா 4 டிகிரியிலயும் சாகாது, வேகம்தான் குறையும்.

இப்போ மாவு நடுத்தட்டுல, பின்பக்கம். அவனோட பச்சைக் கோழிக்கறி மூடின டப்பாவுல, கீழ்த்தட்டுல. தண்ணி ஒழுகினாலும் மாவுல சொட்டாது.

மாவு டப்பாவைக் காலி பண்றவங்களே கழுவி, அடுத்த அரிசியையும் ஊறப்போடணும்னு ஒப்பந்தம். அதனால கடைசிக் கரண்டி மாவை ரெண்டு பேருமே தொடுறதில்லை!