கைக்குத் தட்டுப்படாத கட்டியைத் தேடி

பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை 1988இல் மேமோகிராம் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியதும், விரலுக்குத் தட்டுப்படாத கட்டிகள் அதிகம் கண்ணில் படத் தொடங்கின. படத்தில் தெரிகிறது, தொட்டால் தெரியவில்லை என்றால் எங்கே கத்தியை வைப்பது? 1970களிலேயே வந்திருந்த கொக்கிக் கம்பிதான் பல ஆண்டுகளாக இதற்கு விடை. ரேடியாலஜிஸ்ட் மேமோகிராமையோ அல்ட்ராசவுண்டையோ பார்த்தபடி மெல்லிய கம்பியைக் கட்டி இருக்கும் இடம்வரை செலுத்துவார். நுனியில் உள்ள கொக்கி திசுவில் மாட்டிக்கொள்ளும். மறுமுனை தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கம்பி நகர்ந்துவிடலாம் என்பதால் பெரும்பாலும் அன்றைக்கே அறுவையை முடித்தாக வேண்டும். ஸ்கேன் அறையில் தாமதமானால் ஆபரேஷன் தியேட்டர் காத்துக் கிடக்கும். கம்பியோடு, வெறும் வயிற்றோடு அந்தப் பெண்ணும் காத்திருப்பார்.

கட்டி இருக்கும் இடத்தில் அடையாளமாக வைக்கப்படும் ரேடியோ அலை டேக், அன்றைக்கே முடித்தாக வேண்டும் என்ற இந்தக் கட்டாயத்தைத்தான் உடைக்கிறது. 2017இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதித்த 'லோக்கலைசர்' சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ளது. அதில் பேட்டரியும் இல்லை, கதிரியக்கமும் இல்லை. ஊசி வழியே அதை உள்ளே வைத்துவிட்டு நோயாளி வீட்டுக்குப் போகலாம். அறுவையன்று மருத்துவரின் கையிலுள்ள கருவி அனுப்பும் அலையில் டேக் உயிர்பெற்றுத் தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். இன்னும் எத்தனை மில்லிமீட்டர் தூரம் என்பது திரையில் தெரியும். ஒரே மார்பகத்தில் இரண்டு டேக் இருந்தாலும் எண்ணை வைத்துப் பிரித்தறியலாம். கம்பி நுழைந்த இடத்தை ஒட்டிக் கீற வேண்டிய நெருக்கடி இல்லாததால், தழும்பு எங்கே விழலாம் என்பதையும் அறுவை மருத்துவர் தீர்மானிக்க முடிகிறது.

கட்டியை இன்னும் துல்லியமாக எடுத்துவிட முடியுமா என்று கேட்டால், கிடைத்துள்ள சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. கம்பிக்கு மாற்றான கதிரியக்க முறைகளைக் கம்பியோடு ஒப்பிட்ட ஆய்வுகளின் 2015ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பில், வெட்டியெடுத்த திசுவின் விளிம்பில் புற்றுச் செல்கள் எஞ்சுவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பிரிட்டனில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் டேகைப் போலவே உள்ளே வைக்கப்படும் காந்த விதையைக் கம்பியோடு ஒப்பிட்ட ஐப்ரா-நெட் ஆய்விலும், மறுபடி அறுவை செய்ய வேண்டி வந்தவர்களின் விகிதம் ஏறத்தாழ ஒன்றுதான். அப்படியானால் டேகுக்குக் கூடுதல் விலை எதற்கு என்று கேட்பது நியாயமே. ஆனால், விளிம்பை மட்டுமே வைத்து இந்தக் கருவியை அளப்பது தவறு. ஸ்கேன் ஒருநாள், அறுவை வேறொருநாள் என்று பிரிக்க முடிவதுதான் இதன் உண்மையான பயன். தியேட்டரின் முதல் அறுவையைக் காலையிலேயே தொடங்கலாம். அறுவையன்று காலையில் இன்னொரு ஊசி என்ற அச்சமும் நோயாளிக்கு இல்லை. தியேட்டர் நேரத்துக்குக் கணக்குப் பார்க்கும் நிர்வாகம் இதையும் கணக்கில் சேர்க்கட்டும். வாரத்துக்கு ஓரிரு அறுவைகளே நடக்கிற, ஸ்கேன் அறையும் தியேட்டரும் அருகருகே இருக்கிற சிறிய மருத்துவமனைக்குக் கம்பியே போதும் என்பதையும் மறுக்க மாட்டேன்.

குறைகளை மறைக்கவும் கூடாது. வைத்த டேகை நகர்த்தி வைக்க முடியாது. மிக ஆழத்தில் இருந்தால் சிக்னல் மங்கும். எம்.ஆர்.ஐ. படத்தில் அது தன்னைச் சுற்றியுள்ள பகுதியை மறைத்துவிடும். ஆகவே, கீமோவில் கட்டி சுருங்குவதை எம்.ஆர்.ஐ. மூலம் கண்காணிக்கப் போகிறவர்களுக்கு முதலில் அடையாளத்துக்குச் சிறிய கிளிப்பை வைத்து, ஸ்கேன்களெல்லாம் முடிந்த பிறகு டேக் வைப்பதே பொருத்தம். இவை யாருக்கு எப்போது வைக்கலாம் என்பதை முடிவுசெய்ய உதவுகிற குறைகளே தவிர, முறையையே ஒதுக்கக் காரணமல்ல. சிகிச்சைக்குக் காத்திருக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன்: உங்கள் மருத்துவமனையில் டேக் இல்லை என்பதற்காக அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள். கட்டியை எடுப்பதில் கம்பி எந்த வகையிலும் தாழ்ந்ததல்ல.