மேகத்துக்கு மேலே ஒரு காவல்

பிலிமத்தலாவையில் கொழும்பு பஸ் ஏறினால், கடுகண்ணாவையைத் தாண்டியதும் கணவாய் இறக்கம். 2025 நவம்பர் 22 அன்று அந்த இறக்கத்தில், பஹல கடுகண்ணாவையில், வீதியோரக் கட்டடத்தின் மீது பாறையும் மண்ணும் சரிந்து ஆறு பேர் மாண்டனர். அடுத்த வாரமே டித்வா புயல். நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் பலி; கண்டி மாவட்டம் கண்ட இழப்பு மிகப் பெரியது.

இத்தனை செய்மதிகள் சுற்றுகின்றன, ஒன்றின் கண்ணிலுமா இது படவில்லை?

கமராச் செய்மதிக்கு அடைமழை நாளில் தெரிவது வெள்ளை மேகம் மட்டுமே. அப்போது கைகொடுப்பது ராடார். ஐரோப்பாவின் சென்டினல்-1, ஏறக்குறைய 700 கிலோமீற்றர் உயரத்திலிருந்து தானே அலையை அனுப்பி, அது திரும்பி வருவதை அளக்கிறது. மேகமும் இருட்டும் அதற்குத் தடையல்ல. தேங்கிய நீரில் பட்ட அலை விலகிப் போய்விடுவதால் வெள்ளம் கறுப்பாகப் பதியும். 2016 மே வெள்ளத்தின்போது கொழும்பிலுள்ள சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் இப்படித்தான் மூழ்கிய இடங்களை வரைபடமாக்கியது.

மலையில் அது அவ்வளவு சுலபமல்ல. வெவ்வேறு நாட்களில் எடுத்த ராடார் படங்களை ஒப்பிட்டால் நிலம் சில மில்லிமீற்றர் நகர்ந்ததுகூடத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் சென்டினலின் அலைநீளம் ஐந்தரை சென்டிமீற்றர் அளவுதான். நம் பலாவும் மிளகுக்கொடியும் மண்டிய தோட்டங்களில் அது இலைகளோடு நின்றுவிடும். ஜப்பானின் அலோஸ்-2 அனுப்பும் 24 சென்டிமீற்றர் அலை இலைகளை ஊடுருவித் தரையைத் தொடும். அதற்கும் ஒரு குறை உண்டு. ராடார் பக்கவாட்டில் பார்ப்பது. செங்குத்துச் சரிவின் மறுபுறம் நிழலில் மறைந்துவிடும். தவிர, செய்மதி மறுபடி அதே இடத்துக்கு வரப் பல நாட்களாகும். மலை சரியச் சில நிமிடம் போதும். 2016 மே 17இல் அரநாயக்க சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போனார்கள்.

அதனால் முன்னெச்சரிக்கை இன்னும் மழையளவைத்தான் நம்பியிருக்கிறது. 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் வெளியேறத் தயார், 150 என்றால் வெளியேற்றம். இது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. செய்மதிகளும் மழையை அளக்கின்றன. அமெரிக்க–ஜப்பானியக் கூட்டுத் திட்டம் அரைமணிக்கொரு மதிப்பீடு தருகிறது. ஆனால் அதன் ஒரு கட்டம் ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர் அகலம். பிலிமத்தலாவையும் கடுகண்ணாவையும் ஒரே கட்டத்துக்குள் விழலாம். இங்கே தூறலும் அங்கே கொட்டும் மழையுமான நாளில் அது என்ன சொல்லும்?

டித்வாவுக்குப் பின், எந்த வீட்டில் இருக்கலாம், எதைக் காலி செய்ய வேண்டும் என்று முடிவுசெய்ய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தினர் சரிவுகளில் ஏறி, சுவரிலும் முற்றத்திலும் விழுந்த வெடிப்புகளை நேரில் பார்க்க வேண்டியிருந்தது.