முதல் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தல்

தார்க்கீலும் சுண்ணாம்புக்கல் பொடியும் கலந்து அச்சில் வார்த்த, 110 மில்லிமீட்டர் விட்டமும் 105 கிராம் எடையும் உடைய ஒரு சிறிய தட்டு, இயந்திரத்தின் கையினின்று விடுபட்டு ஆகாயத்தில் பாய, அது தூரத்தில் சென்று மறையுமுன் ரவைத் துப்பாக்கியால் சுட்டு நொறுக்கும் வித்தையே களிமண் புறா சுடுதல் என்று சொல்லப்படுவது. முற்காலத்தில் இதற்கு உயிருள்ள புறாக்களையே பறக்கவிட்டுச் சுட்டார்கள்; 1900ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் ஒலிம்பிக் நடந்தபோதுகூட அந்தக் கொடுமை அரங்கேறியது. அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்து ஜார்ஜ் லிகவ்ஸ்கி என்பவர் 1880இல் கண்டுபிடித்த மண் தட்டு நாளடைவில் எங்கும் பரவியதனால் ஜீவஹிம்சை பெரும்பாலும் ஒழிந்து, வித்தை மட்டும் எஞ்சிற்று.

2004இல் ஏதென்ஸில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் இந்த விளையாட்டின் ஒரு வகையான இரட்டை டிராப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றதையும், 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கின் டிராப் போட்டிக்குப் புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் சென்றதையும் அறிந்த இளைஞர் ஒருவருக்கு இந்த விளையாட்டில் ஆசை பிறப்பது இயற்கையே. ஆசை பிறந்ததும் அவர் கேட்கும் முதற் கேள்வி, எந்தக் கம்பெனித் துப்பாக்கி வாங்கலாம் என்பதுதான். 1526ஆம் ஆண்டு முதல் துப்பாக்கி வேலை செய்துவரும் இத்தாலியப் பெரட்டா குடும்பத்தின் பெயரும், பக்கத் தகடுகளில் செதுக்கிய பூவேலையும், அக்ரூட் மரக் கட்டையின் ரேகைகளும் மனத்தை மயக்கத்தான் செய்யும். ஆயினும் ஆரம்ப அப்யாசிக்குக் கம்பெனியின் கியாதியைவிட, அந்தத் துப்பாக்கி தம் தேகத்துக்குப் பொருந்துகிறதா என்பதே பிரதானம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இதன் காரணத்தைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். ரைபிளில் குறி பார்ப்பதற்கு முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக இரண்டு அடையாளங்கள் உண்டு. இரண்டையும் நேர்ப்படுத்திய பிறகே சுடுகிறார்கள். ரவைத் துப்பாக்கியிலோ குழலின் நுனியில் ஒரு சிறு மணி இருக்கிறதே தவிர, பின்னால் ஒன்றும் இல்லை. பின்குறியின் ஸ்தானத்தைச் சுடுபவரின் கண்ணே வகிக்கிறது. பறக்கும் தட்டின்மேல் பார்வை நிலைத்திருக்க, கைகள் தாமாகத் துப்பாக்கியைத் தூக்க, கன்னம் கட்டையின் மேல்விளிம்பில் வந்து படியும் அந்தக் கணத்தில், கண் குழலுக்கு நேர்மேலே அமைய வேண்டும். அது பக்கவாட்டில் அரை சென்டிமீட்டர் விலகினாலும், 30 மீட்டருக்கு அப்பால் ரவைக் கூட்டம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் விலகிப் போய்விடும். கட்டை நீளமாக இருந்தால் தூக்கும்போது அக்குளில் சட்டையில் மாட்டும். குட்டையாக இருந்தால் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். மேல்விளிம்பு தாழ்ந்திருந்தாலோ, கண் மறைந்துபோவதனால் சுடுபவர் தம்மை அறியாமலே தலையைத் தூக்கிவிடுவார். தலை தூக்கினால் தட்டு பிழைத்தது என்றே கொள்ளலாம்.

பொருத்தம் பார்க்கும் விதமும் எளிது. ஆசிரியர் ஒருவர் உடனிருக்க, துப்பாக்கியை மடித்துத் திறந்து, இரு குழல்களும் வெறுமையாக இருப்பதை இருவரும் கண்ணால் பார்த்த பிறகு, நிலைக்கண்ணாடி எதிரே நின்று, கண்களை மூடிக்கொண்டு, பழக்கப்படி அதைத் தோளில் ஏற்றிக் கன்னத்தை வைத்து, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். பிம்பத்தில் குழலின் மேல் கருவிழி நட்ட நடுவே உட்கார்ந்திருந்தால் துப்பாக்கி பொருந்துகிறது. இடமோ வலமோ சாய்ந்திருந்தால் அது வேறொருவருக்காகச் செய்தது. சிறிய வித்தியாசங்களைத் தேர்ந்த கைவினைஞர் கட்டையை வளைத்தும் செதுக்கியும் சரிசெய்துவிடுவார். பிறர் சட்டையைப் பிரித்துத் தைப்பது போன்ற வேலை அது, ஓர் அளவுக்குமேல் செல்லாது.

இன்னொன்றையும் முன்னதாகவே பரீட்சித்துவிட வேண்டும். இரு கண்களையும் திறந்தபடியே தூரத்துப் பொருள் ஒன்றை விரலால் சுட்டி, இடக்கண்ணை மட்டும் மூடிப் பாருங்கள். விரல் பொருளை விட்டு நகராவிட்டால் வலக்கண்ணே ஆட்சி செய்கிறது. வலக்கைக்காரர் ஒருவருக்கு இடக்கண் ஆட்சி செய்யுமானால், சுடும்போது அக்கண்ணை மறைப்பதா, அல்லது இடத்தோளிலேயே பழகுவதா என்பதைத் துப்பாக்கி வாங்குவதற்கு முன்பே நிச்சயித்துக்கொள்ள வேண்டும்.

துப்பாக்கியின் ஜாதியைப் பற்றிச் சொன்னால், குழல்கள் மேலும் கீழுமாக அமைந்த இரட்டைக்குழலே புதியவருக்கு உகந்தது. அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங்கும் தம் அந்திமக் காலத்தில் கையாண்ட இந்த அமைப்பில் ஒரே குழலின் முதுகு மட்டும் தெரிவதால் பார்வை சிதறுவதில்லை. மடித்துத் திறந்து வைத்திருக்கும்போது அதில் தோட்டா இல்லை என்பதைப் பத்தடி தூரத்தில் நிற்பவர்கூட அறிவார். அரைத் தானியங்கித் துப்பாக்கியில் பின்னுதைப்பு குறைவு என்பது மெய்தான். ஆனால் அந்த வெளிப்படையான அபயம் அதில் இல்லை.

குழல் விட்டத்தைக் குறிக்கும் ‘போர்’ அளவில் 12 போரையே கொள்ளுக. தேகம் மெலிந்தவர்கள் அதைவிடச் சிறிய 20 போரை நாடுவதுண்டு. துப்பாக்கி இலேசானால் தோளில் விழும் உதை பலமாவதையும், தோட்டாவில் ரவை குறைவதையும் அவர்கள் யோசிப்பதில்லை. ஏறத்தாழ மூன்றரைக் கிலோ எடையுள்ள 12 போரில் 24 கிராம் தோட்டாவை இட்டால், சுமார் முந்நூறு ரவைகளும் கிடைக்கும், தோளும் நோகாது. குழல் 30 அங்குலம் இருக்கலாம். குழல்வாயின் ஒடுக்கமாகிய சோக்கைக் குறித்துப் புதியவர்கள் வீணாகக் கவலைப்படுகிறார்கள்; கிட்டத்தில் குறுக்கே பறக்கும் ஸ்கீட் தட்டுக்கு அகலமும், எதிரே விலகி ஓடும் டிராப் தட்டுக்கு ஒடுக்கமும் வேண்டும். கழற்றி மாட்டும் சோக்குகள் உள்ள துப்பாக்கியானால் இரண்டுக்கும் ஆகும்.

பழைய துப்பாக்கி வாங்குவதில் இழிவொன்றும் இல்லை. முன்கட்டையைக் கழற்றிவிட்டு மெல்ல ஆட்டிப் பார்த்தால் மூட்டின் தளர்ச்சி தெரியும். குழல்களைப் பிரித்தெடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே இருக்கும் நெளிவும் துருவும் தெரியும். மீதமாகும் பணத்தைத் தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் செலவிட்டவர் சீக்கிரம் முன்னேறுவார்.

நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இன்றி இவற்றுள் எதையும் வாங்க இயலாது. 2019இல் செய்த திருத்தத்துக்குப் பின் சாதாரணமாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. ஆதலால் அவசரப்படாமல், அருகிலுள்ள துப்பாக்கி சுடும் சங்கத்தில் சேர்ந்து, ஆசிரியரின் மேற்பார்வையில் அங்குள்ள வெவ்வேறு துப்பாக்கிகளைத் தோளில் ஏற்றிப் பழகி, உங்கள் அளவு இன்னதென்று தெரிந்த பிறகே கடைக்குப் போங்கள்.