ஒரு பிணைப்பில் இருக்கிறது நஞ்சு

வயல் வரப்பிலும் ரயில் பாதையோரத்திலும் மஞ்சள் பூவும் முள்ளுமாக நிற்குமே, பிரம்மதண்டு, அதன் காயை உடைத்தால் கருவிதைகள் உதிரும். கடுகோடு கலந்துவிட்டால் பிரித்தறிவது கடினம். கடுகெண்ணெய் இல்லாமல் அடுப்பு எரியாத கல்கத்தாவில் 1877-ல் பலருக்குக் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது, இதயம் தளர்ந்தது. காரணம் பிடிபடப் பல பத்தாண்டுகள் ஆயின. 1930களில்தான் அங்கிருந்த அகில இந்திய சுகாதார நிறுவனத்தின் ஆர்.பி. லாலும் அவரது சகாக்களும் பிரம்மதண்டு எண்ணெய்க் கலப்படமே காரணம் என்று நிறுவினார்கள். அப்படியும் 1998-ல் டெல்லியில் இதே கலப்படம் 60 பேருக்கு மேல் பலிகொண்டது.

அந்த எண்ணெயின் முக்கிய நஞ்சு சாங்குயினரின் என்ற ஆல்கலாய்டு. கொல்கத்தா ஜாதவ்பூரில் உள்ள இந்திய வேதி உயிரியல் நிறுவனத்தில் மோதிலால் மைத்தியின் குழு 1980களில் இதைக் கூர்ந்து ஆராய்ந்தது. அமிலக் கரைசலில் இம்மூலக்கூறு தட்டையானது, நேர்மின்னேற்றம் கொண்டது, ஆரஞ்சு நிறம் காட்டும். புத்தகத் தாள்களுக்கு நடுவே அட்டையைச் செருகுவதுபோல ஏணி போன்ற டி.என்.ஏ.வின் படிகளுக்கு இடையே நுழைந்துகொள்ளும். காரம் சேர்த்தால் ஒரு ஹைட்ராக்சில் வந்து ஒட்டும். மின்னேற்றம் போகும், நிறமும் வெளிறும். இந்த வடிவம் டி.என்.ஏ.வைப் பற்றாது, ஆனால் கொழுப்பாலான செல் சவ்வைச் சுலபமாகக் கடக்கும். நம் ரத்தத்தின் காரத்தன்மையில் இரண்டும் கலந்தே இருக்கின்றன. ஒன்று உள்ளே நுழைய, மற்றொன்று தாக்குகிறது!

எல்லாம் நைட்ரஜனுக்கும் கார்பனுக்கும் இடையிலுள்ள ஓர் இரட்டைப் பிணைப்பின் வேலை. புரதங்களின் கந்தகத்தோடு வினைபுரிந்து நொதிகளை முடக்குவதும் அதுதான். அங்கே ஹைட்ரஜனைச் சேர்த்து டைஹைட்ரோசாங்குயினரினாக மாற்றினால் நச்சுத்தன்மை வெகுவாகத் தணிகிறது. நம் உடலும் இந்த மாற்றத்தைச் செய்கிறது.

மரமஞ்சளில் உள்ள பெர்பெரின் இதற்கு உறவுக்கார மூலக்கூறு. ஜாதவ்பூரில் ஜி. சுரேஷ்குமாரின் குழு அதன் ஒன்பதாம் இடத்தில் புதிய கிளைகள் ஒட்டிய மூலக்கூறுகளைச் சோதித்தது, டி.என்.ஏ.வைப் பற்றும் வலு கூடியது. நஞ்சை இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துப் புரிந்துகொள்வதைத்தான் நான் உயர்ந்த அறிவியல் என்பேன்.

ஆனால் பற்றும் வலு கூடினால் மருந்தாகிவிடாது. சாங்குயினரின் ஆய்வகத் தட்டில் புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறது, உண்மை. நல்ல செல்களையும் அது விட்டுவைப்பதில்லை. அமெரிக்காவில் இதைச் சேர்த்த பற்பசையும் வாய்கொப்பளிப்பு நீரும் விற்பனைக்கு வந்தன. பயன்படுத்தியவர்களின் வாயில் வெண்திட்டுகள் தோன்றுவதற்கும் அதற்கும் தொடர்பு தெரிந்தபின் கைவிடப்பட்டன.

ஆகவே, ‘மூலிகைச் சாறு புற்றுநோயை அழித்தது’ என்று செய்தி வந்தால், பக்கத்திலிருந்த நல்ல செல்கள் என்ன ஆயின என்று கேளுங்கள். அந்தக் கணக்கு இல்லாத செய்தியை நம்பி எந்தச் சாற்றையும் குடிக்காதீர்கள்.