பிரசண்டாவின் தீராத கடன்

2006 ஜூன் 16 அன்று காத்மாண்டுவில், பிரதமரின் இல்லமான பாலுவாட்டாரில், ஒருவர் செய்தியாளர்கள் முன் வந்தார். பத்து ஆண்டுகள் நேபாளத்தை உலுக்கிய போரின் தலைவர் அவர். அதுவரை அவருடைய புகைப்படம்கூட அரிது. அப்படி ஒரு மனிதர் இருக்கிறாரா என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. புஷ்ப கமல் தாஹால் என்ற சொந்தப் பெயரைவிட, பிரசண்டா என்ற இயக்கப் பெயரே ஊரறிந்தது.

காஸ்கி மாவட்டத்தில் 1954-இல் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், சித்வனில் வளர்ந்தார். ராம்பூரில் வேளாண்மை படித்தார், பள்ளி ஆசிரியராகவும் இருந்தார், பிறகு முழுநேரக் கட்சி ஊழியரானார்.

1996 பிப்ரவரியில் அவருடைய தோழர் பாபுராம் பட்டராய், பிரதமர் ஷேர் பகதூர் தேவுபாவிடம் 40 கோரிக்கைகளைக் கொடுத்தார். அரச குடும்பத்தின் சலுகைகளை ஒழிக்க வேண்டும், பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும், தீண்டாமை போக வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. கேட்டவை பெரும்பாலும் நியாயமானவை. ஆனால் கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போதே, பிப்ரவரி 13 அன்று, பிரசண்டா தலைமையிலான மாவோயிஸ்டுகள் காவல் நிலையங்களைத் தாக்கினார்கள். அரசு எட்டிப் பார்க்காத ரோல்பா, ருக்கும் மலைக் கிராமங்களில் போர் வேர்பிடித்தது. தலைவரோ அந்தக் காலத்தின் பெரும்பகுதியை இந்தியாவில் மறைந்து கழித்தார். இரு தரப்பிலுமாகச் சுமார் 17,000 பேர் மாண்டார்கள்.

2005-இல் மன்னர் ஞானேந்திரா ஆட்சியைத் தன் கைக்குள் எடுத்தது எல்லாவற்றையும் மாற்றியது. எதிரும் புதிருமாக இருந்த கட்சிகளும் மாவோயிஸ்டுகளும் டெல்லியில் 12 அம்ச உடன்பாட்டுக்கு வந்தனர். அடுத்த ஏப்ரலில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள், மன்னர் பணிந்தார். நவம்பரில் அமைதி ஒப்பந்தம். 2008 தேர்தலில் மாவோயிஸ்டுகளே தனிப்பெரும் கட்சி. மன்னராட்சி ஒழிந்தது, பிரசண்டா பிரதமரானார். 40 கோரிக்கைகளில் கேட்டதைவிடப் பெரிய மாற்றம் இது. அதில் அவருக்குரிய பங்கை யாரும் மறுக்க முடியாது.

பதவி ஒன்பது மாதம்கூட நிலைக்கவில்லை. ராணுவத் தளபதி ருக்மாங்கத் கடவாலை நீக்கினார். குடியரசுத் தலைவர் அதைத் தடுத்தார். 2009 மே மாதம் பிரசண்டா விலகினார். அமைதி ஒப்பந்தத்துக்குப் பிறகு முகாம்களில் காத்திருந்த மாவோயிஸ்டுப் போராளிகளின் நிலை இன்னும் கசப்பானது. ஐ.நா. சரிபார்த்ததில் 19,602 பேர் தகுதி பெற்றார்கள். 4,008 பேர் தள்ளப்பட்டார்கள். தள்ளப்பட்டவர்களில் 2,973 பேர் சிறுவர் சிறுமியராகப் படையில் சேர்க்கப்பட்டவர்கள். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதைப் போர் விழுங்கியிருந்தது. தகுதி பெற்றவர்களிலும் சுமார் 1,400 பேரே ராணுவத்தில் இணைந்தார்கள். பெரும்பாலோர் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

2016-இலும் 2022-இலும் பிரசண்டா மீண்டும் பிரதமரானார். மூன்றாம் முறை 275 இடங்கள் கொண்ட அவையில் அவர் கட்சிக்கு இருந்தவை 32. நேற்றைய எதிரியோடு கூட்டணி, இன்றைய கூட்டாளியோடு பகை என்று மாறி மாறியே அந்த ஆட்சி நகர்ந்தது. 2024 ஜூலையில் நம்பிக்கை வாக்கெடுப்பில் கவிழ்ந்தது.

கூட்டணிக் கணக்கில் இத்தனை தேர்ந்தவர், தான் கையெழுத்திட்ட ஒரு வாக்குறுதியைக் காப்பாற்றவில்லை. போரில் கொல்லப்பட்டவர்கள், காணாமல் போனவர்களின் விவரங்களை 60 நாட்களுக்குள் வெளியிடுவோம் என்கிறது 2006 ஒப்பந்தம். அரசுப் படைகள் கொண்டுபோனவர்களும் மாவோயிஸ்டுகள் கொண்டுபோனவர்களும் அதில் அடக்கம். உண்மை அறியும் ஆணையங்களே 2015-இல்தான் அமைந்தன. மூன்று முறை நாட்டை ஆண்டவரால் இதைச் செய்ய முடியவில்லை என்பதை ஏற்க இயலாது. காணாமல் போன ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் குடும்பங்களுக்கு அவர் முதலில் பதில் சொல்ல வேண்டும்.