உங்களுக்குத் தெரியுமா? தோட்டத்துக் காய்ச்சலும் பச்சை வெளிச்சமும்

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் நம் வட்டாரத்தில்தான் உருவானது. 1917இல் பிரெஞ்சுக்காரரான ஆன்ரி ஃபோக்கோனியே கோல சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை நட்டார். புக்கிட் செந்தோசாவுக்கு மேற்கே, இன்று பெஸ்தாரி ஜெயா என்றழைக்கப்படும் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் அது.

செம்பனை பரவிய 1920களில், தோட்டத் தொழிலாளரைச் சாய்த்த ஒரு கடுங்காய்ச்சல் மருத்துவர்களின் கண்ணில் பட்டது. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வில்லியம் ஃபிளெட்சர் குழுவினர் ஆராய்ந்தபோது, ஒரே நோய் என்று நினைத்தது இரண்டாகப் பிரிந்தது. ஒன்று பட்டணத்துக் கடைவீதிகளில் வருவது. மற்றது லாலாங் புல்லும் புதரும் மண்டிய தோட்டங்களில் வருவது. இரண்டாவதுதான் உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்கிரப் டைபஸ். கண்ணுக்கு எளிதில் தெரியாத உண்ணிக்குஞ்சு கடித்துப் பரவுகிறது.

இரண்டையும் பிரித்துக் காட்டியது தற்செயலாகக் கிடைத்த ஒரு நுண்ணுயிர் வகை. கிங்ஸ்பரி என்ற ஆய்வாளர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தது அது. தோட்டத்து நோயாளியின் இரத்த நீர் பட்டால் மட்டும் அது திரண்டது. இப்படிப் பிறந்த ‘ஓஎக்ஸ்-கே’ சோதனையின் பெயரில் இருக்கும் ‘கே’ அவர் பெயரின் முதலெழுத்துதான்.

1948இல் குளோரம்பெனிகால் மருந்து உண்ணிக் காய்ச்சலைக் குணமாக்கும் என்று நிரூபிக்கப்பட்டது கோலாலம்பூரில். டைபாய்டுக்கும் அது கேட்கும் என்பதும் அதே ஆய்வின்போது தெரியவந்தது. உலகம் முழுக்கப் பயன்பட்ட அந்த அறிவுக்குப் பின்னால் மலாயா நோயாளிகளின் உடல்கள் இருக்கின்றன. இதை நம் பிள்ளைகளுக்குப் பாடமாகவே சொல்லித்தர வேண்டும்.

உண்ணிக் காய்ச்சலின் கிருமி உயிரணுவுக்குள்ளேயே புகுந்து வாழும். நம் எதிர்ப்பொருள்களோ இரத்தத்தில் மிதப்பவை. உயிரணுவின் சவ்வைத் தாண்ட அவற்றால் இயலாது. அதனால் உடல், ‘கொல்லி அணுக்கள்’ என்னும் வெள்ளணுக்களை ஏவுகிறது. அவை பெர்ஃபோரின் என்ற புரதத்தால் நோயுற்ற உயிரணுவில் துளையிட்டு, கிரான்சைம் பி என்ற நொதியை உள்ளே செலுத்துகின்றன. அந்த நொதி உள்ளிருக்கும் புரதங்களை வெட்ட, உயிரணு தானே மடிகிறது. 2005இல் தாய்லாந்து நோயாளிகளைப் பற்றி வெளியான ஆய்வு, உண்ணிக் காய்ச்சலின்போது இரத்தத்தில் கிரான்சைம்கள் கூடுவதைக் காட்டியது.

கொல்லி அணு தன்னுள் எவ்வளவு கிரான்சைம் வைத்திருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? ஒளிரும் சாயம் பூட்டிய எதிர்ப்பொருள்தான் கருவி. ஆனால் ஆய்வகத்துக்கும் அதே தடை: சவ்வு வழிவிடாது. முதலில் ஃபார்மால்டிஹைடு ஊற்றி, உள்ளிருப்பவை கசியாதபடி அணுவை நிலைப்படுத்துவார்கள். பிறகு சபோனின் சேர்த்துச் சவ்வில் துளைகள் உண்டாக்குவார்கள். பூந்திக்கொட்டையையும் சீயக்காயையும் நுரைக்க வைப்பது இந்தச் சபோனின் வகைப் பொருள்தான்! துளை வழியே எதிர்ப்பொருள் நுழைந்து கிரான்சைமைப் பற்றிக்கொள்ளும். லேசர் ஒளியில் ஒவ்வோர் அணுவாக ஓடவிட்டால், விநாடிக்கு ஆயிரக்கணக்கில் எண்ணித் தள்ளும் கருவிகள் இருக்கின்றன. உடல் பெர்ஃபோரினால் செய்ததை மனிதர் சபோனினால் செய்கிறார்கள். எனக்கு இதில் தீராத வியப்பு.

எதிர்ப்பொருளுக்குச் சாயம் பூட்டலாம் என்று காட்டியவர் அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் கூன்ஸ்; ஆண்டு 1941. முதல் சாயம் நீலமாக ஒளிர்ந்தது. திசுக்களும் இயல்பாகவே நீலமாக மினுங்குவதால் குழப்பம் வந்தது. அதனால் உடல் அரிதாகவே ஒளிரும் பச்சைக்கு மாறினார் கூன்ஸ்.

பச்சை என்றதும் இன்னொரு கேள்வி: சளி ஏன் பச்சையாகிறது? வெள்ளணுவில் உள்ள மைலோபெராக்சிடேஸ் என்ற நொதியின் நிறமே பச்சை. கிருமியைக் கொல்ல அது உண்டாக்கும் ஹைப்போகுளோரஸ் அமிலம், வீட்டில் துணி வெளுக்கும் குளோராக்ஸின் நெருங்கிய உறவு. இரத்தப் புற்றுநோயின் வகையை அறியவும் இந்த நொதியை அணுவுக்குள் ஒளிரவைத்துத் தேடுகிறார்கள்.

1963 முதல் ஒளிரும் எதிர்ப்பொருள் சோதனை உண்ணிக் காய்ச்சலுக்கும் வந்தது. அதற்குத் தனி நுண்நோக்கி தேவை. சாயத்துக்குப் பதிலாக, குதிரைமுள்ளங்கி என்ற கிழங்கின் நொதியைப் பூட்டிய மாற்றுச் சோதனைக்குச் சாதாரண நுண்நோக்கியே போதும்.

சோதனை முடிவு வரும்வரை காத்திருக்காமல் டாக்சிசைக்ளின் என்ற மருந்தைத் தொடங்குவதே வழக்கம். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு இருக்கலாம். அது வலிக்காது, அக்குளிலும் தொடை இடுக்கிலும் மறைந்திருக்கும். காய்ச்சலோடு கிளினிக்குக்குப் போனால் அதைக் காட்டுங்கள். செம்பனைக் காட்டில் வேலை செய்ததையும், டாக்டர் கேட்காவிட்டாலும், சொல்லிவிடுங்கள்.