உங்களுக்குத் தெரியுமா?

பிள்ளை பிந்துவதற்கான காரணங்களில் ஏறத்தாழப் பாதியில் ஆணின் பங்கும் உண்டு. ஆனாலும் நம் வீடுகளில் நேர்த்தியும் விரதமும் பரிசோதனையும் முதலில் மருமகள் தலையிலேயே விழுகின்றன. இது அநியாயம். எளிய விந்துப் பரிசோதனையையும் தொடக்கத்திலேயே செய்யவேண்டும்.

விதைகள் உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 பாகை குறைந்த வெப்பத்திலேயே நன்கு இயங்கும். சூளை, போறணை, எஞ்சின் அறை ஆகியவற்றின் அருகே நெடுநேரம் வேலை செய்வோருக்கு விந்தணு குறையலாம். சுருட்டும் சிகரெட்டும் மதுவும் அதைக் கெடுக்கும். உடல் கட்டுக்காகப் போடும் ஹோர்மோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும். ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதமளவு ஆகும். ஆகவே இன்று புகையை விட்டால் பலன் தெரிய ஏறத்தாழ மூன்று மாதம் பொறுக்கவேண்டும்.

பெண்ணுக்கு வயது முக்கியம்: 35க்குப் பின் கருமுட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் விரைவாகக் குறையும். தைரொயிட் கோளாறு, அதிக எடை, சிகிச்சை பெறாத பாலியல் தொற்று என்பனவும் தடையாகும்.

உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் கருத்தரியாமைச் சிக்கலைச் சந்திக்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கை. வெட்கப்பட எதுவுமில்லை.

ஓராண்டு முயன்றும் கரு தங்காவிட்டால், பெண்ணுக்கு 35 கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் சேர்ந்து வைத்தியரிடம் போங்கள். புதிதாக மணமானவர்கள் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் இப்போதே பதிந்துகொள்ளுங்கள்.